நாலு எலுமிச்சம்பழம், மூணு ஜெர்மன் வண்டி

(புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வீல் அலைன்மென்ட் கடை. ரவி டயருக்குக் காத்து பிடித்துக்கொண்டிருக்கிறார். ஷேர் ஆட்டோ ஓட்டும் செல்வம் போனைப் பார்த்தபடி உள்ளே வருகிறார்.)

செல்வம்: மச்சான், அக்கா மவன் பிரான்ஸ்ல செகண்ட் ஹேண்ட் கார் எடுக்கறான். மூணு போட்டோ அனுப்பி, "மாமா, நீ சொல்றதுதான் வண்டி"ங்கறான்.

ரவி: காசு நீ குடுக்கறியா?

செல்வம்: அவனுக்குச் சீர் செஞ்சே ஓஞ்சி கெடக்கறேன். பாரு.

ரவி: அடேங்கப்பா! பிஎம்டபிள்யூ எம்3, அதுவும் ஈ90ங்கற பழைய மாடல். மெர்சிடிஸ் சி63 ஏஎம்ஜி. ஆடி ஆர்எஸ்4. மூணும் வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின். காத்த அழுத்தி ஊட்டற டர்போ மூணுலயும் கெடையாது. இன்னாத்துக்காம்?

செல்வம்: அஞ்சு நாள் வேலைக்குப் போக வர. ஞாயித்துக்கெழம நூர்பர்க்ரிங். ஏதோ ரிங் ரோடு போல.

ரவி: ரிங் ரோடா? ஜெர்மனில இருக்கற 20.8 கிலோமீட்டர் ரேஸ் டிராக்டா அது! சென்னை பக்கத்துல நம்ம இருங்காட்டுக்கோட்டை டிராக்கே 3.7தான். பொதுமக்களுக்குத் தொறக்கற நாள்ல டிக்கெட் எடுத்தா சொந்த வண்டிய ஓட்டலாம். ஒன்வே. எடது பக்கமாத்தான் முந்தணும்.

செல்வம்: எடது பக்கம் முந்தறதா? அதுக்கு என்ன அனுப்பியிருக்கணும்.

ரவி: மொதல்ல எம்3. 4 லிட்டர், 420 குதிரை, அதுவும் 8300 ஆர்பிஎம்ல. மூணுல வளைவுக்குப் பொறந்தது இதுதான். ஆனா ரெண்டு எடத்துல ஏமாத்தும். ஒண்ணு பிரேக். ஆர்எஸ்4க்கு முன் சக்கரத்துல பிரேக்க இறுக்கற காலிபர் ஒவ்வொண்ணுலயும் எட்டு பிஸ்டன், சி63க்கு ஆறு. இதுக்கு ஒண்ணே ஒண்ணு.

செல்வம்: நிக்குமா?

ரவி: ரோட்ல அருமையா நிக்கும். டிராக்ல நாலஞ்சு தடவ வேகத்துலேர்ந்து இறுக்கினா சூடேறி பெடல் கீழ போகும். பிரேக் ஆயில் காத்துல கெடக்கற ஈரத்த இழுத்துக்கும். டாட் 4ங்கற ரக ஆயில் புதுசா இருந்தா குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறிட்டா 155லயே கொதிச்சுடலாம். கொதிச்சா ஆவி, ஆவிய மிதிச்சா பஞ்சு. டிராக்குக்குப் போறதுக்கு முன்னாடி ஆயில மாத்தி, டிராக்குக்குன்னே வர்ற பிரேக் பேட் போடச் சொல்லு.

செல்வம்: என் ஆட்டோ எப்பவுமே பஞ்சுதான். ரெண்டாவது?

ரவி: கனெக்டிங் ராட் பேரிங். இன்ஜின் உள்ள பிஸ்டன் தண்டு சுத்தற எடத்துல இருக்கற பேரிங். தேஞ்சா இன்ஜினே போச்சு. வாங்கறதுக்கு முன்னாடி, மாத்தின பில் இருக்கான்னு கேக்கணும். ஆர்பிஎம் முள்ளு பக்கத்துல ஆரஞ்சு விளக்கு வரிசையா எரியும் பாரு, இன்ஜின் ஆயில் சூடாக ஆக ஒவ்வொண்ணா அணையும். அது அணையறதுக்குள்ள மிதிக்கறவன் வண்டிய தொடவே கூடாது. இன்ஜின் ஆயில் 10டபிள்யூ-60ங்கற கெட்டி ரகம், 8.8 லிட்டர்.

செல்வம்: எங்க ஊட்ல ஒரு மாசத்துக்கே அவ்ளோ நல்லெண்ணெய் ஆவாது. பென்சு?

ரவி: 457 குதிரை, 6208 சிசி.

செல்வம்: அப்ப 62தான? எதுக்கு 63?

ரவி: அதெல்லாம் கேக்கப்படாது. கடைசியா வந்த சி63ல 1991 சிசிதான். நாலு சிலிண்டர், கூட கரண்ட் மோட்டார். பேரு மட்டும் அதே 63.

செல்வம்: ஊட்ட இடிச்சிக் கட்டினாலும் பழைய டோர் நம்பர எழுதி வக்கிற மாதிரி.

ரவி: சத்தம் இருக்கு பாரு, அதுக்கே காசு குடுக்கலாம். ஆனா 600 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை மொத்தமும் பின் சக்கரத்துக்கு. ஈர ரோட்ல கால் கொஞ்சம் ஏறினா வால ஆட்டும். பின் டயர் ரப்பர் பென்சில் அழிக்கற ரப்பர் மாதிரி கரையும். ஆரம்பத்துல வந்த இன்ஜின்ல மேல் மூடிய இறுக்கிப் பிடிக்கற ஹெட் போல்ட் அரிச்சி ஒடையற வியாதி உண்டு. இன்ஜின ஆத்தற கூலண்ட் தண்ணி காரணமில்லாம கொறஞ்சா அந்த வண்டிய எடுக்கவே கூடாது.

செல்வம்: அக்கா வேற அடுத்த மாசம் போவுது. எலுமிச்சம்பழம் எடுத்துப் போயி நாலு டயருக்கும் வச்சி நசுக்கியே ஆவணுமாம்.

ரவி: சி63ல அவன் ஜோரா மிதிச்சான்னா, பின்னாடி வச்ச ரெண்டும் நசுங்காம பறந்து பக்கத்து ஊட்டு ஜன்னலுக்குப் போயிடும்.

செல்வம்: ஐயோ! ஆடி?

ரவி: 4.2 லிட்டர், 420 குதிரை, நாலு சக்கரத்துக்கும் இழுவை. முன்னாடி 40, பின்னாடி 60ன்னு பிரிக்கும். மழையில கண்ண மூடிட்டு வாங்கலாம். ஆனா இன்ஜின் முன் ஆக்ஸிலத் தாண்டி தொங்குது, மூக்கு கனம். வளைவுல வேகமா வுட்டா, திருப்பினாலும் நேரா போகப் பாக்கும். ஷாக் அப்சர்பர்ல ஆயில் ஒழுகுதான்னு குனிஞ்சி பாக்கணும். இன்னொண்ணு, பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ளயே பீச்சறதால உள்வால்வ கழுவாது. கரி அப்பிக்கும், குதிரை கொறையும். காத்து உள்ள போற மேனிபோல்ட் குழாய கழட்டி வால்நட் ஓட்டுத் தூள காத்துல அடிச்சி சுத்தம் பண்ணணும்.

செல்வம்: வால்நட்டா? தேங்கா ஓடு ஆவாதா?

ரவி: எந்த வண்டின்னாலும் டயர்ல காத்து கொஞ்சம் கம்மியா வச்சிக் கெளம்பணும். சூடானா ஏறும். ரெண்டு ரவுண்ட் முடிச்சதும் அளந்து எறக்கணும். கடைசி ரவுண்ட் மெதுவா ஓட்டி பிரேக்க ஆற வைக்கணும். நிறுத்தினதும் சூட்டோட ஹேண்ட் பிரேக் போடக் கூடாது, கியர்லயோ, ஆட்டோமேட்டிக்னா 'பி'லயோ வுட்டு கல்லு வைக்கணும்.

செல்வம்: கல்லா? அந்த வழக்கம் அங்கயும் இருக்கா! சரி, நீ எத சொல்ற?

ரவி: டிராக்குதான் முக்கியம்னா எம்3. மனசுக்குன்னா சி63. பனி மழை ஊர்ல தெனம் வேலைக்குன்னா ஆர்எஸ்4.

செல்வம்: (போனில்) அக்கா, ஆடியே எடுக்கச் சொல்லு. நாலு சக்கரமும் இழுக்குதாம், நாலு பழமும் ஒழுங்கா நசுங்கும். ஆங், கூட ஒரு கிலோ வால்நட் ஓடு எடுத்துக்க. அது இன்ஜினுக்குப் படைக்கணுமாம்.