அது சம்பளம் இல்லை

சென்னை பரங்கிமலையில் இருக்கும் ராணுவ ஆபீசர் பயிற்சி அகாடமியின் (ஓ.டி.ஏ.) அந்தப் பரேடு வீடியோவுக்குக் கீழே ஓடிய கருத்துகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாளாகப் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் நேற்று எனக்கு நன்றாகத் தெரிந்த அண்ணன் ஒருவர் என் பக்கத்துக்கே வந்து, "டிரெய்னிங்கிலேயே மாதம் 56,100 ரூபாய், சாப்பாடு ஓசி, இதில் தியாகம் எங்கே வந்தது" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு லைக் போட்டவர்களில் என் சொந்தக்காரர்களே மூன்று பேர். அதுதான் தாங்கவில்லை.

சரி, அந்தத் தொகையையே எடுத்துக்கொள்வோம். 56,100 உண்மைதான். ஏழாவது ஊதியக் குழுவில் லெவல் 10-இன் ஆரம்பத் தொகை அது. ஆனால் அது சம்பளம் இல்லை, ஸ்டைபண்ட், அதாவது பயிற்சிக் கால உதவித்தொகை. பரங்கிமலை ஓ.டி.ஏ.விலும் டேராடூன் இந்திய ராணுவ அகாடமியிலும் (ஐ.எம்.ஏ.) ஆபீசர் பயிற்சியில் இருக்கும் கேடட்டுகளுக்குக் கிடைப்பது. பிளஸ் டூ முடித்த கையோடு புனே பக்கத்தில் கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு (என்.டி.ஏ.) போகிற பிள்ளைகளுக்கு மூன்று வருடம் ஒரு பைசா கிடையாது. கிடையாது என்பதோடு நிற்கவில்லை, நாம்தான் வீட்டிலிருந்து பணம் அனுப்ப வேண்டும்.

என் தம்பி அப்படிப் போனவன்தான். அமராவதிநகர் சைனிக் பள்ளியில் படித்து, எழுத்துத் தேர்வு எழுதி, ஆபீசர் தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் நேர்காணல் (எஸ்.எஸ்.பி.) முடித்து, மெடிக்கல் தேறிப் போனான். அப்பா மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறவர். சேரும்போதே ஐந்து மாதப் பாக்கெட் மணி 15,000 ரூபாய் கட்ட வேண்டும், அது போக உடுப்புக்கு, இன்சூரன்ஸுக்கு என்று தனித்தனியாக. அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. அதன் பிறகு மாதம் 3,000. நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன், 2,000 என்னுடையது, மீதி அப்பாவுடையது. குறைந்த வருமானக் குடும்பம் என்றால் மாதம் 1,000 ரூபாய் உதவி உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் "என் பிள்ளை ஆபீசர் ஆகப் போறான், நான் போய் ஏழைன்னு எழுதிக் கொடுப்பேனா" என்று அப்பா அந்த விண்ணப்பத்தைத் தொடவே இல்லை.

இரண்டாம் வருடம் அவனுக்குக் கால் எலும்பில் மெல்லிய விரிசல். ஓடி ஓடி வருவது, அங்கே நிறையப் பேருக்கு வருமாம். ஒன்றரை மாதம் யாரிடமும் சொல்லாமல் கட்டுப் போட்டுக்கொண்டே ஓடியிருக்கிறான். சொன்னால் பயிற்சி நாள் போகும், ரெலிகேட் ஆகி ஆறு மாதம் பின்னால் போக வேண்டும். ஆறு மாதம் என்றால் வீட்டுக்கு இன்னும் 18,000 ரூபாய் செலவு. அந்தக் கணக்கைப் போட்டுத்தான் வலியைப் பொறுத்திருக்கிறான். இதை அவன் என்னிடம் சொன்னதே கமிஷன் ஆன, அதாவது ஆபீசராகப் பதவியேற்ற பிறகுதான். இப்போதும் குளிர்காலத்தில் அந்தக் கால் வலிக்கிறது.

"இலவசமாக டிகிரி கிடைக்கிறதே, மற்ற பிள்ளைகள் ஃபீஸ் கட்டவில்லையா" என்று கேட்பீர்கள். கேளுங்கள். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டம் கிடைக்கிறது, தங்க இடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் அரசாங்கச் செலவு, மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கல்லூரியில் காலை இருட்டோடு எழுப்பி முதுகில் மூட்டையும் கையில் துப்பாக்கியும் கொடுத்து ஓடச் சொல்கிறார்கள்? நம் பிள்ளைக்கு இன்ஜினியரிங் பிடிக்கவில்லை என்றால் டி.சி. வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அங்கே வேண்டாம் என்று சொந்த விருப்பத்தில் வெளியே வந்தால் அதுவரையான பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்பார்கள்.

இன்னொன்று. முசூரியில் ஐ.ஏ.எஸ். பயிற்சிக்குப் போகிறவருக்கும் அதே 56,100-தான் ஆரம்பம். ஆனால் அவர் முதல் நாளே பணியில் சேர்ந்தவர், பயிற்சிக் காலமும் அவருடைய சர்வீஸில் சேரும். கேடட்டுக்குச் சேராது, கமிஷன் ஆகிற நாளில்தான் அவனுடைய சர்வீஸ் தொடங்கும். நான்கு வருடத்துக்குச் சிப்பாயாகச் சேரும் அக்னிவீரனுக்குக் கூட முதல் வருடம் மாதம் 30,000, அதில் 21,000 கைக்கு வருகிறது. அதைக் குறைக்கச் சொல்லவில்லை, அது நியாயம். அந்த நியாயம் கடக்வாஸ்லாவில் இருக்கும் 18 வயதுப் பையனுக்கு ஏன் இல்லை என்றுதான் கேட்கிறேன். 2022-லிருந்து பெண் பிள்ளைகளும் போகிறார்கள், அவர்களுக்கும் இதே கதைதான்.

"ஆபீசர் ஆகிறவன் எல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளை" என்று ஒருவர். போங்கள் ஐயா, என்.டி.ஏ. முடித்த ராணுவக் கேடட்டுகள் கடைசிப் பயிற்சிக்குப் போகிற டேராடூனுக்கு, பயிற்சி முடியும் பாசிங் அவுட் அன்றைக்கு வந்து பாருங்கள். பட்டுப்புடவையில் நின்று அழுத அம்மாக்களில் எத்தனை பேருடைய வீட்டுக்காரர் ஹவில்தார், சுபேதார் என்று ஆபீசருக்குக் கீழான பதவியில் இருந்தவர் என்று நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

பணம் கூடப் போகட்டும். அடிபட்டு வெளியே வருகிறவர்களைப் பற்றி அந்த அண்ணனுக்குத் தெரியுமா? 1985-லிருந்து சுமார் 500 கேடட்டுகள் உடல் பாதிப்பால் திருப்பி அனுப்பப்பட்டதாகப் பத்திரிகையில் வந்தது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்தது. கமிஷன் ஆகும் முன்னால் அடிபட்டதால் அவர்கள் முன்னாள் படைவீரர் கணக்கில் வரமாட்டார்கள், அந்தப் பென்ஷனும் கிடையாது. கருணைத் தொகைதான், ஊனத்தைப் பொறுத்து அதிகபட்சம் மாதம் 40,000 வரை. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தில் அவர்களைச் சேர்த்ததே அந்த வழக்கு வந்த பிறகுதான். அதுவரை நாற்பது வருடம் அந்த வீடுகள் எப்படி மருந்து வாங்கின?

தம்பியோடு படித்த ஒரு பையன் முதுகெலும்பு அடிபட்டு ஊரில் இருக்கிறான். அவன் அம்மா வாரம் ஒரு முறை எங்கள் அம்மாவிடம் பேசுவார். தம்பிக்குப் பிரமோஷன் வந்ததை அவரிடம் எப்படிச் சொல்வது என்று அம்மா ஒரு மாதம் தவித்தாள்.

சேரும்போது பெற்றோர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். பயிற்சியில் பிள்ளைக்கு என்ன காயம் ஆனாலும் அரசாங்கத்திடம் நஷ்டஈடு கேட்க மாட்டேன் என்று எழுதியிருக்கும். அப்பாவுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, நான்தான் படித்துச் சொன்னேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு "போடலாமாம்மா" என்று கேட்டார். போடுங்கப்பா என்று சொன்னது நான்.