பாபேயிஹா என்றோர் உபதேசியார்

கடந்த மே மாதம் எங்கள் சபையின் விடுமுறை வேதாகமப் பள்ளியில் மிஷனெரி கதை சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. அலமாரியிலிருந்து பழைய பட அட்டைகளை எடுத்துக் கொடுத்தார்கள். தென்கடல் தீவுகளுக்குப் போன ஜான் வில்லியம்ஸின் கதை. மூன்றாவது அட்டையைத் தூக்கிக் காட்டினேன். தென்னை மரங்கள். படகில் தொப்பியும் புத்தகமுமாக ஒரு வெள்ளைக்காரர். கரையில் கன்னங்கரேலென்று ஈட்டியோடு சிலர். அவர்களுக்குப் பின்னால் நெருப்பின் மேல் ஒரு பெரிய அண்டா. பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனைக் காட்டி, "இவன்தான் அது" என்றான். அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பாயின் ஓரத்துக் கோரையை ஒவ்வொன்றாக உருவத் தொடங்கினான்.

அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாட்டுப் பாடச் சொன்னேன். அன்றைக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான். அந்தக் கோரைப்பாய் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

பசிபிக் தீவுகளுக்குச் சுவிசேஷம் போன கதையை நாம் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கப்பல் வெள்ளைக்காரர்களுடையது, உண்மைதான். ஆனால் தீவு தீவாகக் கரையில் இறங்கி, அங்கேயே தங்கி, அந்த மக்களின் கிழங்கைத் தின்று, அவர்கள் பேச்சைக் கற்று, பலவேளை அங்கேயே மண்ணுக்குள் போனவர்களில் மிகப் பலர் அந்தக் கடலிலேயே பிறந்தவர்கள். நம் வழக்கில் சொன்னால் உபதேசியார்கள்.

1823-ஆம் ஆண்டு. வில்லியம்ஸின் கப்பல் இன்றைய குக் தீவுகளில் ஒன்றான ரரோதொங்காவை அடைகிறது. முதல் நாள் கரையிறங்கிய தீவுக்காரப் போதகர்களும் அவர்கள் மனைவிமாரும் இரவு முழுதும் அனுபவித்த தொல்லையில், விடிந்ததும் கப்பலுக்கே திரும்பிவிட்டார்கள். இந்தத் தீவு வேண்டாம் என்று எல்லோரும் முடிவு செய்த நேரத்தில், நான் ஒருவன் தங்குகிறேன் என்றார் பாபேயிஹா என்ற தீவுக்காரப் போதகர். உடுத்திய துணி, தாஹிட்டி மொழியில் அச்சான வேதபாகம், எழுத்துப் படிக்கக் கொஞ்சம் புத்தகங்கள். இவ்வளவுதான் அவரிடம் இருந்தது. கப்பல் போய்விட்டது. பின்னர் திபேரியோ என்ற இன்னொரு தீவுக்காரர் துணைக்கு வந்தார். 1827-இல் வில்லியம்ஸ் குடும்பத்தோடு அங்கே தங்க வந்தபோது, தீவு ஏறக்குறைய முழுவதுமாக மாறியிருந்தது. 1797-இல் டஃப் கப்பலில் தாஹிட்டியில் இறங்கிய லண்டன் மிஷனெரிகள் இரண்டாம் போமாரே அரசனுக்கு ஞானஸ்நானம் கொடுக்க 1819 வரை காத்திருந்தார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாபேயிஹா அந்தத் தீவிலேயே மணம் முடித்து, 1867-இல் இறக்கும்வரை அங்கேயே ஊழியம் செய்தார்.

நம் அட்டைகளில் அவர் இல்லை. ஒரு மூலையில்கூட இல்லை.

திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கோயில் சுவரில் பளிங்குக் கல்லில் துரையின் பெயர் இருக்கும். மழையிலும் வெயிலிலும் ஊர் ஊராக நடந்து, திண்ணையில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, சாவு வீட்டில் ராத்திரி முழுதும் உட்கார்ந்து ஜெபித்த உபதேசியாரின் பெயர் பழைய சபைப் பதிவேட்டில் கிடைத்தால் உண்டு. என் பாட்டனார் உபதேசியார். அவருக்கு ஒரு புகைப்படம்கூட இல்லை. பாபேயிஹாவைப் பற்றி முதன்முதலில் படித்த இரவில் எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபவுயா, சமோவாக்காரர். 1830-இல் வில்லியம்ஸ் முதன்முறையாகச் சமோவாவுக்குப் போனபோது தொங்காவில் கப்பலேறி, சொந்த மண்ணுக்கு வழிகாட்டியாக வந்தவர். கரை நெருங்கும்போது அவர் வில்லியம்ஸிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்: நீங்கள் விட்டுச் செல்லும் போதகர்கள் எடுத்த எடுப்பிலேயே எங்கள் மக்களின் ஆட்டத்தையும் படகுப் பந்தயத்தையும் கண்டிக்க வேண்டாம். அவையெல்லாம் அவர்களுக்கு உயிர். முதலில் பொறுமையாகக் கற்றுக்கொடுக்கட்டும். அறிவு வந்தபிறகு எது தீயதோ அதை அவர்களே விட்டுவிடுவார்கள்.

வில்லியம்ஸே இதை எழுதி வைத்திருக்கிறார். இதைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் புத்தகத்தை மூடவில்லை. சுவிசேஷத்தை இன்னொரு பண்பாட்டுக்குள் கொண்டுபோவது எப்படி என்று இன்று கருத்தரங்குகளில் நாள்கணக்கில் பேசுகிறார்கள். கப்பல் தளத்தில் நின்று ஒரு தீவுக்காரர் அதை நான்கு வரியில் சொல்லி முடித்துவிட்டார். விருந்தாளியாகப் போகிறவன் அடுப்படியைக் குறை சொல்லிக்கொண்டே வாசற்படி ஏறுவானா? வில்லியம்ஸ் சில நாட்களில் புறப்பட்டுவிட்டார். சமோவாவில் தங்கிப் பாடுபட்டவர்கள் அவர் இறக்கிவிட்ட தீவுப் போதகர்கள்தான்.

சொற்களிலும் இதே கதைதான். சமோவாவிலும் ரரோதொங்காவிலும் கடவுளைக் குறிக்க மிஷனெரிகள் புதிதாகச் சொல் எதையும் இறக்குமதி செய்யவில்லை. மக்கள் தங்கள் பழைய தெய்வங்களை அழைத்த 'அதுவா' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். பழைய சொல்லில் பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருக்குமே என்ற பயம் யாருக்கும் வரும். நமக்கும் வந்தது. பப்ரீசியுஸ் ஐயரின் பழைய மொழிபெயர்ப்பில் 'பராபரன்', பிறகு வந்ததில் 'தேவன்', இப்போது பலருக்குக் 'கடவுள்'. எந்தச் சொல் சரி என்று நாம் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறோம். ஆனால் தாயின் வாயிலிருந்து கேட்ட சொல்லில்தான் ஒருவன் ஜெபிக்க முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தொங்காவைச் சேர்ந்த இறையியலாளர் சியோனே அமனாகி ஹவேயா தேங்காயை வைத்தே ஓர் இறையியல் பேசினார். இயேசு பசிபிக்கில் பிறந்திருந்தால் அப்பத்துக்கும் திராட்சரசத்துக்கும் பதிலாகத் தேங்காயைத்தான் எடுத்திருப்பார் என்றார். தின்னவும் குடிக்கவும் ஒரே காயில் இருக்கிறது. காலம் நிறைவேறும்போது நெற்றுத் தானாக விழும், அதற்கு முன்னால் அதை யாரும் அவசரப்படுத்த முடியாது. கோதுமையும் திராட்சையும் விளையாத மண்ணில் இதைவிடப் பொருத்தமாக என்ன சொல்லிவிட முடியும்? தேங்காயை வைத்து வேதம் விளங்குவது நம் பிள்ளைகளுக்கும் எளிதுதானே.

இதையெல்லாம் இனிப்பாக மட்டும் சொன்னால் நானும் இன்னொரு பொய் அட்டையைத்தான் வரைகிறேன். தீவுப் போதகர்கள் காலத்தில்தான் ரரோதொங்காவின் தெய்வ உருவங்கள் எரிந்தன. மரப்பட்டைத் துணி சுற்றிய, ஏறக்குறைய நான்கு மீட்டர் நீளமுள்ள ஒரு தெய்வக்கோல் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் கிடக்கிறது. அதைச் செதுக்கியவனின் பேரன் பேத்திகள் அதைப் பார்க்க விமானம் ஏற வேண்டும். வனுவாட்டுவின் அனெய்ட்யும் தீவில் மிஷனெரி ஜான் கெடியின் நினைவுக் கல்வெட்டு, 1848-இல் அவர் இறங்கியபோது அங்கே கிறிஸ்தவர் எவரும் இல்லை, 1872-இல் அவர் புறப்பட்டபோது அஞ்ஞானி எவரும் இல்லை என்று பெருமைப்படுகிறது. இடையில் 1861-இல் வந்த தட்டம்மையில் தீவின் மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செத்ததைக் கல்வெட்டு சொல்லவில்லை. கப்பல்கள் வேதத்தோடு நோயையும் இறக்கின. அதே வனுவாட்டுவின் எர்ரொமாங்கோ தீவில் 1839-இல் வில்லியம்ஸைக் கொன்ற மக்கள், அதற்கு முன்பு சந்தன மரம் வெட்ட வந்தவர்களின் கையில் தங்கள் உறவுகளைப் பலிகொடுத்தவர்கள். கரையில் இறங்கியவர் எந்த வெள்ளைக்காரர் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நம் அட்டையில் அண்டாவை வரைந்தவருக்குச் சந்தனக் கப்பலை வரையத் தோன்றவில்லை.

1875-இல் ஃபிஜியில் தட்டம்மை ஏறக்குறைய 40,000 பேரைக் கொண்டுபோனது. அந்தத் துக்கம் ஆறும் முன்னரே, நவுலோவா போதகர் பயிற்சிப் பள்ளியில் படித்த ஃபிஜி வாலிபர்களிடம், இன்றைய பாப்புவா நியூ கினியிலுள்ள நியூ பிரிட்டன் பகுதிக்கு யார் வருகிறீர்கள் என்று மிஷனெரி ஜார்ஜ் பிரவுன் கேட்டார். எல்லோரும் முன்வந்தார்கள். அரசு அதிகாரி அவர்களை அழைத்து ஆபத்தை எடுத்துச் சொன்னபோது, எங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, செத்தால் சாகிறோம், பிழைத்தால் பிழைக்கிறோம் என்று பதில் வந்தது. 1878-இல் அவர்களின் கூட்டத்தில் நான்கு பேர் அங்கே கொல்லப்பட்டார்கள். அதற்குப் பழிவாங்கும் படையெடுப்பைப் பிரவுனே நடத்தினார் என்பதை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. 2007-இல், கொன்றவர்களின் வழிவந்த தொலாய் மக்கள், ஃபிஜி மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். 2009-இல் எர்ரொமாங்கோவிலும் வில்லியம்ஸின் வழித்தோன்றல்களை வரவழைத்து ஒப்புரவுச் சடங்கு நடத்தினார்கள். சந்தனத்துக்காக அந்த மக்களைக் கொன்றவர்களின் வழிவந்தவர்கள் இப்படி யாரிடமும் போய் நின்றதாக நான் படித்ததில்லை.

அடுத்த மே மாதத்துக்குள் புதிய அட்டைகள் செய்ய முடிவு செய்திருக்கிறேன். முதல் அட்டையில் புத்தகக் கட்டோடு கரையில் தனியாக நிற்கும் பாபேயிஹா. இரண்டாவதில் கப்பல் தளத்தில் வில்லியம்ஸோடு பேசும் ஃபவுயா. பிறகு நவுலோவா வாலிபர்கள். சந்தனக் கப்பலுக்கும் ஓர் அட்டை. வரையத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். தாளும் வண்ணமும் என் பொறுப்பு. உங்கள் சபை அலமாரியிலும் அந்த அண்டா அட்டை இருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பாருங்கள்.

பாபேயிஹாவின் அட்டையை அந்தப் பையன் கையில் கொடுக்கலாமா என்று முதலில் யோசித்தேன். வேண்டாம். அதுவும் எல்லோர் முன்னிலும் அவனைச் சுட்டிக்காட்டுவதாகிவிடும். வரிசையாக எல்லாப் பிள்ளைகளின் கையிலும் கொடுத்து அனுப்புவேன். அவன் முறை வரும்போது அவனும் பார்க்கட்டும்.