பழைய அன்னம்மாள் ஆலயம் இடிக்கப்படவில்லை
வணக்கம் அண்ணே. பினாங்கு மாநிலத்து புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத்தின் பழைய கட்டடம் மலாயா அவசரகாலத்தில் (1948–60, கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக் காலம்) இடிக்கப்பட்டது, இப்போது இருப்பது 2002இல் கட்டியது மட்டும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்ம நிபோங் திபால் தோட்டத்து ஆட்கள் பலர் இதைப் பகிர்ந்தும் விட்டார்கள்.

பழைய ஆலயம் இடிபடவில்லை. 1888இல் கட்டிய அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அவசரகாலத்தில் அந்த வட்டாரம் கறுப்புப் பகுதியாக, அதாவது கிளர்ச்சியாளர் நடமாட்டமுள்ள பகுதியாக, அறிவிக்கப்பட்டு வழிபாடு நின்றுபோனது உண்மை. குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். 2002இல் எழுந்தது மினாங்கபாவ் பாணிக் கூரையோடு (கொம்புபோல் முனைகள் மேலே வளையும் கூரை) தனியாக நிற்கும் பெரிய ஆலயம்.

ஜூலை 26 திருவிழாவுக்குப் போகிறவர்கள் இரண்டையும் நேரிலேயே பார்க்கலாம். போக முடியாதவர்கள் வீட்டு ஆல்பத்தைத் திறந்து பாருங்கள். தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் 2002க்கு முன் எடுத்த படம் இருந்தால், பின்னால் தெரியும் முகப்பை இப்போதைய பழைய ஆலயப் படத்தோடு ஒப்பிடுங்கள். இந்துக்களும் நேர்ந்துகொண்டு மெழுகுவத்தி ஏற்றும் இடம் அது. தாத்தா பாட்டி கும்பிட்ட கட்டடமே இல்லை என்று பிள்ளைகள் நம்பிவிடக் கூடாது. பதிவைத் திருத்திவிடுங்கள் அண்ணே.