துர்நாற்றத்துக்கும் சட்டம் உண்டு, அண்ணா

"நாற்றத்துக்குச் சட்டமே இல்லை, எல்லாம் பிரிட்டோரியாவில் உள்ள மத்திய அரசின் கையில்தான், மாநகராட்சியிடம் புகார் கொடுப்பது வீண்" என்று எழுதியிருக்கிறீர்கள், அண்ணா. இது தவறு. இதை நம்பி டர்பனின் தென்பகுதியில் உள்ள மெர்பேங்க், வென்ட்வொர்த் மக்கள் புகார் கொடுப்பதை நிறுத்திவிடக் கூடாது.

தென்னாப்பிரிக்காவின் 2004-ஆம் ஆண்டு காற்றுத் தரச் சட்டம், 35-ஆம் பிரிவைப் படியுங்கள். தன் இடத்திலிருந்து துர்நாற்றம் வெளியேறாமல் தடுக்க, நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் அந்த இடத்தை நடத்துபவர் எடுத்தாக வேண்டும். மீறினால் அது குற்றம். 36-ஆம் பிரிவின்படி, புகை வெளியேற்ற உரிமம் வழங்கும் பொறுப்பு பொதுவாகப் பெருநகர, மாவட்ட நகராட்சிகளுடையது. டர்பனில் அது எத்தெக்வினி மாநகராட்சி. அரசியலமைப்பும் காற்று மாசை உள்ளாட்சியின் பொறுப்புகளில் சேர்த்திருக்கிறது.

"காற்றை அளக்கும் கருவியில் அளவு வரம்புக்குள் இருக்கிறது, ஆகவே நாற்றம் கற்பனை" என்றும் சொல்கிறீர்கள். எந்த வாயுவின் அளவு? 2009-இல் வெளியான தேசிய வரம்புகளில் கந்தக டைஆக்சைடு, பென்சீன் போன்றவை உண்டு; அழுகிய முட்டை வீச்சம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு இல்லை. நூறு கோடியில் சில பங்கு கலந்தாலே மூக்கு அதைக் கண்டுகொள்ளும். கந்தக டைஆக்சைடு குறைவாக இருக்கும் அதே இரவில் என் தாயார் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அது கற்பனை அல்ல.

புகாரில் நேரம், தெரு, காற்று வீசிய திசை, வாடையின் தன்மை ஆகியவற்றை எழுதுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.