வெறும் போனைக் காதில் வைத்துக்கொண்டு

போன வாரம் தேவையே இல்லாமல் ஒரு சாலையைக் கடந்தேன். எதிரே ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நிதி கேட்டு, ஒரே நிறத்தில் டீ-ஷர்ட் போட்ட நாலு பிள்ளைகள் நின்றார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். எதிர்ப்பக்கம் போனது போதாதென்று, வராத அழைப்புக்கு "ம்ம், சொல்லு சொல்லு" என்று பேசிக்கொண்டே நடந்தேன். கடன் கொடுத்தவரைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு போவார்களே, அந்த மாதிரி. இத்தனைக்கும் நான் யாருக்கும் ஒரு காசு தர வேண்டியதில்லை.

நான் கஞ்சப்பிசினாறியும் இல்லை. வருஷா வருஷம் இரண்டு மூன்று இடங்களுக்குப் பணம் அனுப்புகிறேன். கல்லூரியில் படித்தபோது நானே உண்டியல் குலுக்கியிருக்கிறேன். முகம் தெரியாதவரிடம் போய்க் கை நீட்டுவது எவ்வளவு கூச்சமான வேலை என்று தெரியும். அப்படிப்பட்ட நான் ஏன் ஓடினேன் என்றால், அதற்கு இரண்டு மாதம் முன்பு அதே இடத்தில் நின்று பேசியதுதான் காரணம்.

"மேடம், ஒரே ஒரு கேள்வி. உங்களுக்குக் குழந்தைகளைப் பிடிக்குமா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? பிடிக்காது என்று சொல்கிற ஆள் உண்டா? பிடிக்கும் என்றேன், மாட்டிக்கொண்டேன். பையன் ஃபைலைத் திறந்தான். பிளாஸ்டிக் உறைக்குள் குழந்தைகளின் படங்கள், தினமும் புரட்டிப் புரட்டி முனையெல்லாம் மடங்கியிருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெயர், ஒரு வயது, ஒரு வியாதி. கேட்கக் கேட்க எனக்கும் மனசு இளகத்தான் செய்தது. பர்ஸைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினேன்.

"கேஷ் வாங்க மாட்டோம் மேடம்."

மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகிற மாதிரி கையெழுத்துப் போட வேண்டுமாம். வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "இதுல யோசிக்க என்ன மேடம் இருக்கு? நீங்க யோசிக்கிற நேரத்துல அந்தக் குழந்தை பசியோட இருக்கும்."

இந்த ஒரு வாக்கியம்தான் என்னால் ஜீரணிக்க முடியாதது. ஐந்து நிமிஷம் முன்பு வரை நான் பாட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவள். இப்போது யாரோ ஒரு குழந்தையின் பசிக்கு நானே குற்றவாளி. அதுவும், கையில் இருந்த பணத்தை வேண்டாம் என்று சொன்னது அவர்கள்!

ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று பிறகு தேடிப் படித்தேன். பல நாடுகளில் பெரிய தொண்டு நிறுவனங்கள் இந்த வேலையை ஏஜென்சிகளிடம் கொடுத்துவிடுகின்றன. நாம் போடுகிற நோட்டு அங்கே கணக்கில் வராது, மாதச் சந்தா எத்தனை பிடித்தார்கள் என்பதே கணக்கு. பிடித்துக் கொடுத்த ஒவ்வொரு ஆளுக்கும் ஏஜென்சிக்குக் கட்டணம் உண்டு. நாம் கட்டுகிற முதல் சில மாதத் தொகை அந்தக் கட்டணத்தை ஈடுகட்டவே சரியாகப் போவதும் உண்டு. அப்படிச் சேர்ந்தவர்களில் ஏராளமான பேர் ஒரு வருஷத்துக்குள் நிறுத்திவிடுகிறார்கள் என்பதும் அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நிறுத்தாமல் என்ன செய்வார்கள்? தெருவில் மடக்கி வாங்கிய கையெழுத்துதானே?

"வற்புறுத்தினால்தான் நாலு பேர் கொடுக்கிறார்கள்" என்று இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். அது பொய்யும் இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் உண்டியலை வைத்து, ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி என்ற பொருளாதார அறிஞரும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். 2017இல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. உண்டியலோடு வெறுமனே மணியடித்துக்கொண்டு நின்றபோது பெரிதாக யாரும் விலகவில்லை. "கொடுங்களேன்" என்று வாய்விட்டுக் கேட்டபோது கொடுத்தவர்கள் எண்ணிக்கை பாதிக்கு மேல் கூடியது. ஆனால் அதே நேரத்தில், அந்த வாசல் வழியாக வந்திருக்க வேண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வேறு வாசலைத் தேடிப் போய்விட்டார்கள். கொடுத்தவர்கள் கணக்கு உண்டியலில் இருக்கிறது. பக்கத்து வாசலில் நழுவியவர்கள் கணக்கை எந்த நிறுவனம் எழுதி வைக்கிறது? அந்த மூன்றில் ஒருவர் நான்தான், காதில் வெறும் போனோடு.

போன் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. ஒருமுறை ஓர் இடத்துக்குப் பணம் அனுப்பினேன், நன்றி சொல்லக் கூப்பிட்டார்கள். சந்தோஷம். அடுத்த வாரம் வேறொரு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். அப்புறம் இன்னொன்று. எல்லோருக்கும் என் பெயர் தெரிகிறது. முடியாது என்றால் தொகை பாதியாகும், மறுபடி முடியாது என்றால் அதிலும் பாதி. காய்கறி பேரம் மாதிரி, ஆனால் பேரம் பேசுவது முழுக்க அந்தப் பக்கம்தான். கடைசியில் "சரி, ஏதோ அனுப்புகிறேன், வையுங்கள்" என்று நான் அனுப்பிய பணத்துக்கு என்ன பெயர் வைப்பது? என் மனசில் அந்த நேரம் இரக்கம் ஒரு துளி இல்லை. போனை வைத்தால் போதும் என்றிருந்தது.

என் விஷயமாவது பரவாயில்லை, பதிலுக்குக் கத்தத் தெரியும். பிரிட்டனில் 2015இல் ஒரு 92 வயதுப் பாட்டியின் மரணத்துக்குப் பிறகு பெரிய சர்ச்சை எழுந்தது. ஆயுள் முழுக்கத் தொண்டுக்காக நிதி திரட்டியவர், கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தவர். அவர் மறைவுக்குத் தொண்டு நிறுவனங்களைக் குறை சொல்லவில்லை என்று குடும்பத்தாரே சொன்னார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் விசாரித்துப் பார்த்தபோது அவருடைய முகவரி 99 தொண்டு நிறுவனங்களிடம் இருந்தது. 2014இல் மட்டும் நானூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்திருக்கின்றன. அந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை அவர் முகவரியை அவரிடமிருந்து வாங்கவில்லை, வேறு யாரிடமிருந்தோ வாங்கியிருந்தன. அந்தக் கொதிப்பில்தான் அங்கே 2016இல் நிதி திரட்டலுக்கென்று ஒரு கண்காணிப்பு அமைப்பு வந்தது. "இந்த நிறுவனம் இனி என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம்" என்று பதிவு செய்யும் வசதி அடுத்த வருஷம் வந்தது. வாரி வழங்கிய கைக்குக் கிடைத்த மரியாதை மேலும் மேலும் கடிதம்!

இணையத்தில் வருகிற வீடியோக்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. ஏதோ பாட்டுக் கேட்கலாம் என்று போனால், மூக்கில் குழாய் வைத்த குழந்தை, கதறுகிற அம்மா, ஐந்து நொடி கழித்துத்தான் தள்ளிவிட முடியும். ஒரு குழந்தையின் முகத்தைக் காட்டினால், லட்சக்கணக்கானவர்களின் பட்டினியைப் புள்ளிவிவரமாகச் சொல்வதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு பணம் வரும் என்று 2007இலேயே ஓர் ஆய்வு காட்டிவிட்டது. ஆகவே முகம் காட்டுகிறார்கள். அந்தக் குழந்தை பிழைத்து வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் யாராவது அந்த வீடியோவை எடுத்துக் காட்டினால் என்ன செய்யும் என்று யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை. சரி என்று மனம் கேட்காமல் பணம் போடப் போனால், பணம் திரட்டித் தருகிற அந்த இணையதளத்துக்கு ஒரு 'டிப்ஸ்' ஏற்கெனவே சேர்த்துக் கூட்டப்பட்டிருக்கும். அதைப் பூஜ்யமாக்க எங்கே தொட வேண்டும் என்று தேடுவதற்குள் ஏதோ திருடுகிற மாதிரி இருக்கும்.

நான் தொடர்ந்து பணம் அனுப்புகிற இடங்களில் ஒன்று, வருஷத்துக்கு ஒரே ஒரு தாள் அனுப்பும். இத்தனை பேர் தங்கினார்கள், கூரைக்கு இவ்வளவு செலவு, மருந்துக்கு இவ்வளவு. ஒரு வருஷம் "எதிர்பார்த்தபடி செய்ய முடியவில்லை" என்றுகூட எழுதியிருந்தார்கள். கீழே கணக்கு எண் இருக்கும், போடுங்கள் என்றுகூட இருக்காது. அந்தத் தாள் வந்த அன்றே அனுப்பிவிடுவேன். இப்படி இருந்தால் பெரிய வேலைகளுக்குப் பணம் சேராது என்று வாதம் வரும். இருக்கலாம், எனக்கு நிர்வாகம் தெரியாது.

அந்தப் பையனை மறுபடி பார்த்தேன். சாலையைக் கடந்து ஓடிய அதே நாள் சாயங்காலம், பஸ் நிறுத்தத்தில். அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் திணித்திருந்தான், நாடா மட்டும் வெளியே தொங்கியது. என்னை அடையாளம் தெரிந்துவிட்டது, சிரித்தான். இன்று எத்தனை பேர் என்று கேட்டேன்.

"ஒண்ணுதான்க்கா. மூணு ஆகணும்." மேடம், அக்கா ஆகிவிட்டிருந்தேன். "அன்னைக்கு நீங்க கையெழுத்துப் போடாததும் ஒருவிதத்துல நல்லதுதான். போட்டுட்டு ரெண்டு மாசத்துல நிறுத்தியிருந்தா என் காசுலதான் பிடிச்சிருப்பாங்க."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான்.