தோட்டத்தின் ஈர மூலைக்கு ட்வின்பெர்ரி

சியாட்டில், வான்கூவர் பக்கமோ ராக்கி மலை ஊர்களிலோ தோட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹனிசக்கிள் வைக்க ஆசையா? ஜப்பானிய ஹனிசக்கிள் கொடியை வாங்காதீர்கள். அமெரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் காட்டுச் செடிகள் மேல் படர்ந்து அமுக்கிக்கொண்டிருக்கும் கொடி அது. உங்கள் பகுதிக்கே சொந்தமான ஹனிசக்கிள் வகை ட்வின்பெர்ரி இருக்கிறது. தாவரவியல் பெயர் லோனிசெரா இன்வாலுக்ரேட்டா. இது படரும் கொடியல்ல. ஒன்றரை முதல் மூன்று மீட்டர் வரை வளரும் புதர்.

மஞ்சள் குழல் பூக்கள் இரட்டை இரட்டையாக வரும். ஹம்மிங்பறவைகளும் பம்பிள்பீ எனும் பெரிய தேனீக்களும் தேடி வரும். பூ உதிர்ந்தபின் அடியிலுள்ள பச்சைச் செதில்கள் கருஞ்சிவப்பாக மாறி விரிய, நடுவில் பளபளக்கும் இரண்டு கறுப்புப் பழங்கள். என்னைக் கேட்டால் பூவைவிட இதுதான் அழகு. பறவைகளும் கரடிகளும் தின்னும். நமக்குக் கசப்பு, வயிற்றுக்கும் ஆகாது, குழந்தைகளிடம் சொல்லிவையுங்கள்.

ஓடைக்கரையிலும் சதுப்போரத்திலும் வளர்வது என்பதால் கூரைத் தண்ணீர் வடியும் மூலை, அரைநிழல், மக்கு நிறைந்த மண் போதும். பலர் தோற்பது இங்கேதான்: மேற்கு வெயில் அடிக்கும் சுவரோரம் நட்டால் ஜூலையில் இலை ஓரம் கருகும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அந்த இடத்தில் தேறாது, மாற்றி நடுங்கள்.

நாற்று வாங்கவே வேண்டாம். குளிர்கால முடிவில், மொட்டு விரியும் முன், பென்சில் தடிமனுள்ள குச்சியை 50 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். அடிப்பக்கம் சாய்வு வெட்டு, மொட்டுகள் மேல்நோக்கி. மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள். தலைகீழாக நட்டால் வேர் பிடிக்காது. ஓடைக்கரை மண் அரிக்காமலிருக்கவும் இப்படித்தான் நடுகிறார்கள். முதல் இரண்டு கோடைக்கு மண் காயக்கூடாது. மரத்தூள் மூடாக்கு 7 செ.மீ., தண்டைத் தொடாமல்.

யூரியா போடாதீர்கள், இளந்தளிர் பெருகி அசுவினி மொய்க்கும். மருந்தடித்தால் தேனீயும் சாகும், தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே உதிர்ந்துவிடும். வேலிச்செடி போல மேலே கத்தரித்தால் அடி வெறுமையாகும். குளிர்கால முடிவில் மிகப் பழைய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு எடுத்தால் புதுத்தண்டு கிளம்பும். அப்படி வெட்டிய தண்டின் நடுவைப் பாருங்கள். உள்ளே குழாயாக இருந்தால் நர்சரிக்காரர் தந்தது ட்வின்பெர்ரியே அல்ல, ஆசியப் புதர் ஹனிசக்கிளாக இருக்கலாம். வேரோடு பிடுங்கிவிடுங்கள்.