தென்மாநிலங்கள் ஏன் பிரிந்தன? அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "அது மாநில உரிமைக்காகவும் வரியை எதிர்த்தும் நடந்த சண்டை, அடிமைமுறையெல்லாம் பின்னால் ஒட்டிய காரணம்" என்று சொல்ல ஒருவர் வந்துவிடுகிறார். மாநில உரிமை நமக்கு நெருக்கமான சொல் என்பதால் அந்த வாதம் இங்கே சுலபமாக எடுபடுகிறது. எனக்கு அது பொறுக்கவில்லை.

வரியை முதலில் முடித்துவிடலாம். 1832இல் தென் கரோலினா மத்திய அரசின் இறக்குமதி வரி செல்லாது என்று அறிவித்தது உண்மை. மற்ற தென்மாநிலங்கள் கூடச் சேரவில்லை, மறு வருடமே சமரசமாகிவிட்டது. 1857இல் தெற்கின் ஆதரவோடு வரி குறைந்தது. மறுபடி வரியை உயர்த்திய மோரில் சட்டம் 1861 மார்ச்சில்தான் கையெழுத்தானது. அதற்குள் ஏழு மாநிலங்கள் பிரிவினைத் தீர்மானம் போட்டாயிற்று.

இனி பருத்திக்கு வருவோம். குட்டை இழைப் பருத்தியில் கொட்டை பஞ்சோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கையால் பிரித்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு பஞ்சு தேறுவதே பெரிது. 1793இல் வந்த ஜின்னிங் எந்திரம் அதை 50 பவுண்டாக்கியது. கொட்டை பிரிக்கும் வேலை குறைந்தது, வயலில் பருத்தி எடுக்கும் வேலை பல மடங்கு பெருகியது. 1790இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகளின் தொகை 1860இல் 39 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 1808இலேயே வெளிநாட்டிலிருந்து கொண்டுவரத் தடை வந்துவிட்டதால், வர்ஜீனியா போன்ற பழைய மாநிலங்கள் மனிதர்களைத் தெற்கே விற்கத் தொடங்கின. தாய் ஒரு ஊர், பிள்ளை ஒரு ஊர் என்று பிரிக்கப்பட்ட குடும்பங்களுக்குக் கணக்கே இல்லை.

பருத்தி மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும். பழைய நிலம் சோர்ந்தால் மேற்கே புது நிலம் வேண்டும். புது நிலத்தில் அடிமைமுறைக்குத் தடை வந்தால் அடிமையின் சந்தை விலை விழும், செனட்டில் தெற்கின் பலமும் விழும். 1819இல் அடிமைமுறை உள்ள மாநிலங்களும் இல்லாத மாநிலங்களும் 11க்கு 11. அதனால்தான் 1820இல் அடிமைமுறையோடு மிசூரியைச் சேர்க்க, ஈடாக அது இல்லாத மெய்னையும் சேர்க்க வேண்டியிருந்தது. 1850இல் அடிமைமுறை இல்லாமல் கலிஃபோர்னியா வந்ததும் அந்தத் தராசு சாய்ந்தது. 1854இல் கான்சாஸ் மக்களே முடிவு செய்யட்டும் என்று சட்டம் போட்டார்கள். மறு வருடம் அங்கே தேர்தல். பட்டியலில் இருந்த வாக்காளர்கள் 2,905 பேர். விழுந்த வாக்கு ஆறாயிரத்துக்கு மேல்! மிசூரியிலிருந்து கூட்டம் கூட்டமாக எல்லை தாண்டி வந்து குத்திவிட்டுப் போனார்கள். துப்பாக்கிச் சூடு அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

மாநில உரிமை பேசுபவர்கள் 1850இன் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைப் படிக்க வேண்டும். பிடிபட்டவர் தன் தரப்பைச் சொல்ல முடியாது, ஜூரி கிடையாது. அவரை உரிமையாளரிடம் ஒப்படைத்தால் விசாரிக்கும் ஆணையருக்கு 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். இதை வடமாநிலங்களின் தலையில் மத்திய அரசைக் கொண்டு கட்டியது தெற்குதான். 1860 டிசம்பரில் தென் கரோலினா வெளியிட்ட அறிக்கையின் பெரிய புகாரே, வடமாநிலங்கள் தங்கள் சொந்தச் சட்டங்களால் இதைத் தடுக்கின்றன என்பதுதான். மிசிசிப்பியின் அறிக்கை தன் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுதும் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது.

பிரிந்த வரிசையைப் பாருங்கள். அடிமைமுறை புது நிலங்களுக்குப் பரவுவதை எதிர்த்த லிங்கன் அதிபராகப் பதவியேற்கும் முன்பே பிரிந்த ஏழு மாநிலங்களில் மக்கள்தொகையில் அடிமைகள் சுமார் 47 சதவீதம். போரைத் தொடங்கிவைத்த சம்டர் கோட்டைத் தாக்குதலுக்குப் பின் பிரிந்த நான்கில் 29. அடிமைமுறை இருந்தும் பிரியாமல் நின்ற டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசூரி நான்கிலும் சேர்த்து 14. பேச்சு வழக்கு, உணவு, தேவாலயம், வரி என்று வேறு எந்த வித்தியாசத்தை எடுத்தாலும் இப்படிப் படிப்படியாக இறங்கும் கணக்கு கிடைக்குமா என்று தெரியவில்லை.

இன்னொன்று. 1861 மார்ச்சில், மாநிலங்களுக்குள் இருக்கும் அடிமைமுறையில் மத்திய அரசு என்றைக்கும் தலையிடாது என்ற அரசியல் சட்டத் திருத்தத்தையே காங்கிரஸ் நிறைவேற்றி அனுப்பியது. போன ஏழும் திரும்பவில்லை. இருப்பதைக் காப்பது அவர்களுக்குப் போதவில்லை, பரவவும் வேண்டியிருந்தது. அவர்கள் எழுதிய புது அரசியல் சட்டம், புதிதாகச் சேரும் நிலப்பகுதிகளிலும் அடிமைமுறைக்குப் பாதுகாப்பு கொடுத்தது.

ஏப்ரல் 12இல் தொடங்கிய போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

பிரிந்த தென்மாநிலங்கள் அமைத்த அரசின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச் 21 அன்று சவன்னா நகரில் பேசினார். கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமல்ல என்பதே எங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்றார். தோற்ற பிறகு அதே மனிதர் இரண்டு பாகப் புத்தகம் எழுதினார், போர் மாநில உரிமைக்காக நடந்தது என்று. இன்று நம் பக்கங்களில் சுற்றுவது அந்த இரண்டாவது ஸ்டீபன்ஸ் சொன்னது.